நூறு மணிநேர ஆர்பிஜியை இரண்டாந்தரம் அலுக்காமல் விளையாடி முடிக்க

ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கொண்டு கதைக்குள் விளையாடுகிற கேம். முதல் தரம் சாப்பாட்டையும் மறந்து விளையாடிய கேமை இரண்டாந்தரம் தொடங்கினால், பத்தாவது இருபதாவது மணிநேரத்துக்குள்ளேயே பஞ்சி பிடித்துவிடுகிறது. கேமில் குறையில்லை. முதல் தரம் உங்களை இழுத்துக்கொண்டு போனது ‘அடுத்தது என்ன’ என்ற கேள்வி. இப்போது அதற்குப் பதில் தெரியும். அந்த இடத்தில் வேறொரு கேள்வியை வைக்காமல் ‘நியூ கேம்’ அழுத்தினால், தெரிந்த கதையைத் தெரிந்த ஒழுங்கிலேயே திருப்பிச் செய்வதுதான் மிஞ்சும். அதை நூறு மணிநேரம் எவராலும் ஆசையோடு செய்ய ஏலாது.

ஆகவே வேலையில் அரைவாசி, தொடங்க முதல் செய்யவேண்டியது.

ஒரு கொப்பித் தாள்

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். இந்தத் தரம் என்ன மாறப்போகிறது, எதை விடப்போகிறீர்கள், எந்த இடத்தில் நிறுத்தப்போகிறீர்கள். போனில் எழுதினாலும் சரி, ஆனால் விளையாடும்போது கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும்.

மாற்றம் என்றால் ஒவ்வொரு மணிநேரமும் உங்கள் கை செய்கிற வேலை மாறவேண்டும். முகத்தையும் தலைமயிரையும் மாற்றுவது அரை மணிநேரத்துக்குத்தான் காணும். ‘போன தரம் நல்லவன், இந்தத் தரம் கெட்டவன்’ என்பது பலருக்கும் முதலில் வருகிற யோசனை. அதை நாங்கள் இரண்டாந்தரத்துக்குச் சொல்வதில்லை. கனக்க கேம்களில் கெட்ட வழி என்பது ஆட்களைக் கொல்வது, கொன்றால் அவர்கள் தருகிற வேலைகளான குவெஸ்டுகளும் போய்விடும். பால்டர்ஸ் கேட் 3இல் கொப்லின்களோடு சேர்ந்து தோப்பைத் தாக்கினால் வில், கார்லக் என்ற இரண்டு கூட்டாளிகளும் உங்களோடு நிற்கமாட்டார்கள், டீஃப்லிங் ஆட்களின் கதை அடுத்த இரண்டு பாகங்களுக்கும் இல்லாமல் போகும். சலிப்பைப் போக்க வந்த இடத்தில் கேம் இன்னும் மெலிந்துபோகும்.

அதைவிட, உங்கள் பாத்திரத்துக்கு இரண்டு மூன்று கட்டுப்பாடுகள் வையுங்கள். ‘காசு வாங்காமல் ஒரு வேலையும் செய்யமாட்டான்’, ‘மந்திரம் தெரிந்த ஒருவரையும் நம்பமாட்டான்’, ‘கொடுத்த வாக்கை மீறமாட்டான்’. இப்படி இருந்தால் உரையாடல் வரும்போது சரியான பதிலைத் தேடமாட்டீர்கள், இந்த ஆள் என்ன சொல்வான் என்று யோசிப்பீர்கள். மூன்றாவது கட்டுப்பாடு முதலாவதோடு மோதுகிற ஒரு குவெஸ்ட் வரும்போது பழைய கேம் புதிதாகத் தெரியும்.

விட்ச்சர் 3ஐ (2015) உதாரணத்துக்கு எடுத்துத் தாளை நிரப்பிப் பார்ப்போம்.

மாற்றம்: வாளை நம்பாமல் சைன்கள் என்கிற சின்ன மந்திரங்களை வைத்துச் சண்டை, அதிலும் குவென் போடுவதில்லை. முதல் தரம் விளையாடுகிற எல்லாரும் குவென் கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் சண்டைக்குள் இறங்குவார்கள். அதை எடுத்துவிட்டால் எர்டன், ஆர்ட், அக்ஸி மூன்றும் இருந்தாப்போல் தேவைப்படும். தொடக்க ஊரான வைட் ஓர்ச்சர்டில் ஆறு சக்தித் தலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் முதல் தரம் தொட்டால் ஒரு திறன் புள்ளி. கிரிஃபின் என்ற பறக்கும் மிருகத்தை அடிக்கப் போக முதல் ஆறையும் எடுத்துவிட்டால், இந்தச் சைன் பழக்கம் தொடக்கத்திலேயே பல் பிடித்துவிடும். பிறகு வெலெனில் லெவல் 11க்கு கிரிஃபின் பள்ளியின் கவசம் கிடைக்கும், அது சைனுக்கென்றே செய்தது.

விடுவது: வரைபடத்தில் ஸ்கெலிகே கடலில் மிதக்கிற கேள்விக்குறிகள் முழுவதும், குதிரை ஓட்டம், குத்துச்சண்டை. போன தரம் க்வென்ட் என்ற அட்டை விளையாட்டை விளையாடியிருந்தால் இந்தத் தரம் அதுவும் இல்லை. போன தரம் தொடாதிருந்தால் இதுதான் அதற்கான தரம்.

நிறுத்துவது: பிரதான கதையின் முடிவு. இரண்டு விரிவாக்கங்களும் வேறு ஒரு தரத்துக்கு.

இப்படி வெட்டினால் நூறு மணிநேரம் ஏறக்குறைய ஐம்பதுக்கு வந்துவிடும். கிழமைக்கு எட்டு மணிநேரம் கிடைக்கிற ஆளுக்கு மூன்று மாத வேலை ஆறேழு கிழமையாகிறது. ஆர்வம் மூன்று மாதம் தாங்காது, ஆறு கிழமை தாங்கும்.

ஐம்பது மணிநேரமும் இல்லையென்றால், விட்ச்சர் 3இன் ‘நியூ கேம்’ பட்டியலிலேயே விரிவாக்கத்தை மட்டும் தொடங்குகிற ஒப்ஷன் இருக்கிறது. லெவல் ஏற்றிய கதாநாயகன் ஜெரால்ட்டைத் தருவார்கள், நேராக ‘பிளட் அன்ட் வைன்’ இருபது மணிநேரச் சொச்சம். கனக்கப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

தொடக்கத்தைக் கடப்பது

ஆட்கள் அதிகம் கைவிடுகிற இடம் தொடக்கம். கை பழகிவிட்டது, ஆனால் கேம் உங்களுக்கு நடக்கப் பழக்குகிறது. இதற்கு ஒரே பரிகாரம் வாசல் சேவ்.

ஒப்லிவியனில் (2006) சாக்கடைக் குகையை விட்டு வெளியே வருகிற கம்பிக் கதவடியிலும், ஃபோல்அவுட் 3இல் (2008) வோல்ட்டை விட்டு வெளியேறும் வாசலிலும், நியூ வேகஸில் (2010) குட்ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டும்போதும், உங்கள் பாத்திரத்தை மாற்றவேண்டுமா என்று கேம் ஒருக்கால் கேட்கும். அந்தக் கேள்வி வர முதல் தனிச் சேவ் ஒன்று போட்டு வைத்தால், இனி எத்தனை தரம் தொடங்கினாலும் அங்கிருந்து தொடங்கலாம். குவிக்சேவ் போதாது, அது அடுத்த குவிக்சேவில் அழிந்துவிடும். ஸ்கைரிமில் அப்படி ஒரு வாசல் இல்லை. வண்டியில் கை கட்டிக்கொண்டு போகிற அந்தக் காட்சியைத் தாண்ட ‘ஒல்டர்னேட் ஸ்டார்ட்’ மொட் (விளையாடுகிறவர்கள் செய்து பகிர்கிற மாற்றம்) போடுவதுதான் வழி.

பால்டர்ஸ் கேட் 3இல் வேறொரு வருத்தம் இருக்கிறது. முதல் பாகம் அவ்வளவு வடிவு என்பதால், அதை முடிக்க முதலே புது ஆளைச் செய்யத் தோன்றும். கேம் தொடங்குகிற கப்பலில் இருந்து ஐந்து தரம் விழுந்தவர்கள் மூன்றாம் பாகத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். கிளாஸ் (போர்வீரன், மந்திரவாதி போன்ற வகை) பிடிக்காமல் போனதற்காகத் திரும்பத் தொடங்கவேண்டியதில்லை. பாழடைந்த கோயிலுக்குக் கீழே நிலவறையில் இருக்கிற விதர்ஸைக் கண்டுபிடித்துவிட்டால், முகாமில் 100 பொற்காசுக்குக் கிளாஸையும் புள்ளிகளையும் முழுதாக மாற்றித் தருவார். தோற்றத்தை முகாமிலுள்ள கண்ணாடியில் மாற்றலாம். இனத்தையும் ஒரிஜினையும் (பாத்திரத்தின் பின்கதை) பிறகு மாற்ற முடியாது, ஆகவே அவற்றை முதலில் ஆறுதலாக யோசியுங்கள். இரண்டாந்தரத்துக்கு ‘டார்க் அர்ஜ்’ ஒரிஜின் நல்ல தெரிவு: தெரிந்த காட்சிகளுக்குள் தெரியாத காட்சிகள் வந்துகொண்டேயிருக்கும், கெட்டவனாக விளையாடவேண்டிய கட்டாயமும் இல்லை.

இதே கேமில் இன்னொன்று. இரண்டாந்தரம் சண்டை சுகமாகிவிடுவதால் இரவு ஓய்வு எடுப்பது குறையும். ஆனால் கூட்டாளிகளின் முகாம் பேச்சுகள் ஓய்வெடுத்தால்தான் வரும். அவை குவிந்து, ஒன்றை ஒன்று தள்ளி, சில வராமலே போய்விடும். பிறகு ‘போன தரம் இருந்த உயிர்ப்பு இல்லையே’ என்று தோன்றும். சாதாரணக் கடினத்தில் முழு ஓய்வுக்கு 40 சாப்பாட்டுப் புள்ளி, சாப்பாடு கேமில் தாராளமாகக் கிடக்கிறது. தேவையில்லாவிட்டாலும் ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் படுங்கள்.

பழைய பழக்கம் திரும்பி வருவது

ஸ்கைரிமில் எந்த ஆளைத் தொடங்கினாலும் இருபதாவது மணிநேரத்தில் அவர் குனிந்து ஒளிந்து வில் விடுகிறவராகத்தான் முடிவார். மன உறுதி இல்லாததால் இது நடப்பதில்லை. கேமின் கணக்கு அப்படி. ஒளிந்திருந்து விடுகிற அம்புக்கு மேலதிகச் சேதம், திறன் எடுத்தால் மூன்று மடங்கு, எதிரி கிட்ட வர முதலே சாகிறான், ஆபத்தில்லை. ஆகவே ‘வில்லைக் குறைவாகப் பாவிப்பேன்’ என்ற முடிவு நிற்காது. வில்லைக் கையால் தொடுவதேயில்லை, கிடைத்ததைக் கடையில் விற்கக்கூட எடுப்பதில்லை என்பதுதான் நிற்கும். ஒளிந்து விளையாடத்தான் ஆசையென்றால் கத்தியை எடுங்கள். உரிய திறனோடு முதுகில் குத்தினால் பதினைந்து மடங்கு. ஆனால் கிட்டப் போகவேண்டும், அதில்தான் படபடப்பு.

இதே விதி எல்லாக் கேமுக்கும் பொருந்தும்: உங்களுக்குக் கை வந்த வழியை முழுதாக மூடுங்கள், பாதி மூடினால் பாதியும் திறந்துகொள்ளும்.

கடினத்தைக் கூட்டுவதா

கூட்டமுதல் அந்தக் கேமில் கடினம் எதை மாற்றுகிறது என்று பாருங்கள். ஸ்கைரிமின் ‘லெஜென்டரி’யில் நீங்கள் கொடுக்கிற சேதம் கால்வாசி, வாங்குகிற சேதம் மூன்று மடங்கு. எதிரிக்குப் புத்தி கூடுவதில்லை, சண்டை மட்டும் நாலு மடங்கு நீளுகிறது. சலிப்போடு வருகிறவருக்கு இது நஞ்சு. விட்ச்சர் 3இன் மேல் இரண்டு கடினங்களில் தியானம் செய்தால் உயிர் நிரம்பாது, ஆகவே சாப்பாடும் மருந்தும் எண்ணெயும் பெறுமதியாகின்றன. மிருகங்களைப் பற்றிய குறிப்பை வாசிக்கவேண்டி வரும். இப்படி, முதல் தரம் தொடாமல் விட்ட ஒரு பகுதிக்குள் உங்களைத் தள்ளுகிற கடினமானால் கூட்டுங்கள். இல்லாவிட்டால் கதைக் கடினத்துக்கு இறக்கிவிட்டுப் பேச்சுகளுக்காக மட்டும் விளையாடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை.

நடுவில் தொய்கிற இடங்கள்

ஒவ்வொரு நீண்ட ஆர்பிஜியிலும் தொய்கிற இடம் எங்கே என்று ஒருக்கால் முடித்தவருக்குத் தெரியும். அதைத் தாளில் முன்கூட்டியே எழுதி வைத்து, அதற்கென்று ஒரு ஏற்பாடு செய்யவேண்டும். விட்ச்சர் 3இல் நொவிக்ராட்டில் டான்டிலியனைத் தேடி ஒவ்வொரு வீடாக அலைகிற பகுதி. டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் (2009) மந்திரவாதிகளின் கோபுரத்துக்குள் வருகிற ஃபேட் கனவும், குள்ளர்களின் டீப் ரோட்ஸும். பால்டர்ஸ் கேட் 3இல் மூன்றாம் பாகத்து நகரம், அங்கே காலடி வைத்தவுடன் பத்துப் பன்னிரண்டு குவெஸ்டுகள் ஒரேயடியாக விழும்.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. டிராகன் ஏஜில் நான்கு பெரிய பகுதிகளையும் விரும்பிய ஒழுங்கில் செய்யலாம், எதிரிகளும் உங்கள் லெவலுக்கேற்பத்தான் வருவார்கள். ஆகவே பிடிக்காததை ஆசை குறையாமல் இருக்கும்போதே முதலில் முடியுங்கள். ஃபேடைத் தாண்டவைக்கிற மொட் இருக்கிறது. மொட் இல்லாமல் போனால், அங்கே நிரந்தரமாகப் பண்புகளைக் கூட்டுகிற ஊற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். நொவிக்ராட்டில் தேடலை ஒரே மூச்சில் முடியுங்கள், நடுவில் வேறு ஒப்பந்தங்கள் எடுக்கவேண்டாம்; பக்கக் குவெஸ்ட் எடுத்தால்தான் அது மாதக்கணக்கில் இழுபடுகிறது. பால்டர்ஸ் கேட் நகரத்தில் நேர்மாறு: உங்களோடு வருகிற மூன்று கூட்டாளிகளின் கதைகளை மட்டும் தெரிந்து, மற்றக் குவெஸ்டுகளைக் குவெஸ்ட் பட்டியலிலேயே கிடக்க விடுங்கள்.

வரைபடத்தில் மினுங்குகிற குறிகள் பற்றியும் சொல்லவேண்டும். குறி இருந்தால் கை போகும். விட்ச்சர் 3இன் வரைபடத்தில் கேள்விக்குறிகளை மறைக்கிற வடிகட்டி இருக்கிறது, 2022 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு தொடக்கத்திலேயே மறைந்துதான் இருக்கும். மற்றக் கேம்களிலும் செட்டிங்ஸில் தேடி அணைத்துவிடுங்கள். எல்டன் ரிங்கில் (2022) தெரிந்த நிலவறைக் கல்லறைகளுக்குள் எல்லாம் திரும்ப இறங்கவேண்டியதில்லை. உங்கள் ஆயுதத்துக்குத் தேவையானது எந்த இரண்டு மூன்றில் இருக்கிறது என்று பார்த்து அவற்றுக்கு மட்டும் போங்கள்.

நியூ கேம் பிளஸ்

கேமை முடித்த பிறகு, சேர்த்தவற்றில் சிலதைக் கொண்டு முதலில் இருந்து தொடங்குவது இது. 1995இல் குரோனோ டிரிகர் பெயர் வைத்துப் பரப்பிய முறை. எதைக் கொண்டுபோகலாம் என்பது கேமுக்குக் கேம் மாறும், அதை அறியாமல் தொடங்குவதுதான் பிழைக்கிற இடம்.

இதற்கென்றே பிறந்தது போல் இருப்பது பெர்சோனா 5 ரோயல். முதல் தரம் பின்னேரங்களில் கனக்க, அறிவையும் கவர்ச்சியையும் துணிவையும் கூட்டப் போய்விடும். நியூ கேம் பிளஸில் அவை அப்படியே வருகின்றன, காசும் பெர்சோனாப் பதிவேடும் வருகின்றன. ஆகவே போன தரம் பழகாமல் விட்ட ஆட்களோடு மினக்கெட முழு வருடமும் கிடைக்கும். மூன்றாம் தவணை திறக்கவேண்டுமானால் தாளில் இந்தக் கேம் நாட்களை எழுதி வையுங்கள்: மருக்கி என்ற பாத்திரத்தோடு நட்பு ரேங்க் 9, நவம்பர் 18க்கு முதல். உண்மை முடிவு வேண்டுமென்றால் அகெச்சியோடு ரேங்க் 8, நவம்பர் 24க்கு முதல். கசுமியோடு ரேங்க் 5, டிசம்பர் 18க்கு முதல்.

விட்ச்சர் 3இல் இதற்குப் பிரதான கதையை முடித்த சேவ் வேண்டும், எதிரிகளும் முப்பது லெவல் கூடி வருவார்கள். க்வென்ட் அட்டைகள் வராது. பள்ளிக் கவசங்களின் மேல் வகையை மறுபடி தேடிச் செய்யவேண்டியிருக்கும், ஆகவே அந்தத் தேடல் பிடித்தவர்களுக்கே இது.

பழைய ஜப்பான் கேம்களுக்கு வேகம்தான் மருந்து. ஃபைனல் ஃபன்டசி VIIஇன் இக்காலப் பதிப்புகளில் மூன்று மடங்கு வேகமும் சண்டை வராமல் நிறுத்துகிற வசதியும் உண்டு, XIIஇன் ‘சோடியாக் ஏஜி’ல் இரண்டு, நான்கு மடங்கு வேகம். நடக்கிறபோதும் சில்லறைச் சண்டையிலும் வேகத்தைக் கூட்டி, கதைக் காட்சியிலும் பெரிய சண்டையிலும் குறையுங்கள். முழுவதும் வேகத்தில் ஓட்டினால் சங்கீதம்கூடக் காதில் விழாது.

மொட் போடுகிறவர்களுக்கு

மொட் தேடித் தேடிப் போடுவதிலேயே ஆசை தீர்ந்து, கேம் தொடங்காமலே போவது நடக்கும். ஒரு பின்னேரம் என்று எல்லை வையுங்கள். மெனுவையும் தூக்குகிற பாரத்தையும் சுகமாக்குகிற மொட்டுகள் முதலில், அழகு மொட்டுகள் நேரம் மிஞ்சினால். தொடங்கின பிறகு புதிதாகப் போடவும் வேண்டாம், இருப்பதை நடுவில் கழற்றவும் வேண்டாம். ஸ்கைரிமில் ஸ்கிரிப்ட் உள்ள மொட்டை நடுவில் கழற்றினால் சேவ் ஃபைல் பழுதாகலாம்.

ஸ்டீமில் அந்தக் கேமின் அப்டேட்டைத் ‘திறக்கும்போது மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். ஸ்கைரிமில் ஒரு சின்ன அப்டேட் வந்தாலே பல மொட்டுகளுக்கு அடித்தளமான ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டர் என்ற துணைப் புரோகிராம் வேலை செய்யாது, அதை நம்பியிருக்கிற மொட்டெல்லாம் சேர்ந்து படுத்துவிடும். கேமை ஸ்டீமின் பச்சைப் பொத்தானால் திறக்காமல் எக்ஸ்டென்டரின் லோடரால் திறந்தால் அந்த அப்டேட்டைத் தள்ளிப்போடலாம்.

கரண்டும் வெக்கையும் டேட்டாவும்

யாழ்ப்பாணத்தில் விளையாடுகிறவருக்கு ஆர்வம் போகிற காரணங்களில் பாதி கேமுக்கு வெளியே இருக்கிறது. ஒரு மணிநேரம் விளையாடினது கரண்ட் போய் அழிந்தால், தெரிந்த அந்த ஒரு மணிநேரத்தைத் திரும்ப விளையாட மனம் வராது. முதல் தரமென்றால் வந்திருக்கும். ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், மூன்று இடங்களில் மாறி மாறிச் சேவ் போடுங்கள். சேவ் எழுதுகிற நொடியில் கரண்ட் போனால் அந்த ஒன்று பழுதாகும், மற்ற இரண்டும் நிற்கும்.

யுபிஎஸ் வாங்குவதானால் அது சேவ் போட்டு அணைக்கத்தான், தொடர்ந்து விளையாட இல்லை. சாதாரண 650 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கொம்பியூட்டர் முழு வேகத்தில் ஓடினால் அதைத் தாண்டி, கரண்ட் போன உடனேயே யுபிஎஸ்ஸும் விழும். நொடிக்கு வருகிற ஃபிரேமை 60க்கோ 40க்கோ பூட்டி வைத்தால் இழுப்பது குறையும். மொனிட்டரையும் யுபிஎஸ்ஸில் கொழுவுங்கள். திரை இருண்டுபோனால் எங்கே சேவ் போடுவது?

லப்டொப்காரருக்குச் சேவ் தப்பும், ஆனால் பட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் வேகம் விழும். அந்த நேரத்தைச் சண்டைக்கு வைக்காமல் பொருட்களைத் தரம்பிரிக்க, விற்க, ஊருக்குள் ஆட்களோடு பேசப் பாவியுங்கள். சித்திரை, வைகாசி மத்தியான வெக்கையில் லப்டொப் சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும், விளையாட்டு இழுபட்டுக் கை சோரும். அந்த மாதங்களில் விடியப்புறமோ இராச்சாப்பாட்டுக்குப் பிறகோ விளையாடுவது மேல்.

பால்டர்ஸ் கேட் 3க்கு 150 ஜிபி இடம் வேண்டும். ஒரு தரம் முடித்தவுடன் அழித்துவிட்டால் அடுத்த தரம் ஆசை வந்த இரவில் டவுன்லோடுக்குக் காத்திருந்தே ஆசை ஆறிவிடும், டேட்டாவும் போகும். அழிக்காமல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள். டவுன்லோட் செய்யத்தான் வேண்டுமென்றால், பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அதில் போட்டுவிட்டுப் படுங்கள்.

இடைவெளி விழுந்தால்

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர், சோதனை என்று ஏதோ ஒன்று நடுவில் வரும். திரும்பி வரும்போது எங்கே நின்றோம் என்று தெரியாமல், ‘முதலில் இருந்தே தொடங்குவோம்’ என்று தோன்றுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு தரமும் அணைக்க முதல் இரண்டு வரி எழுதுங்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், அடுத்து எங்கே போகவேண்டும். ‘க்ரூக்பேக் சதுப்புக்குப் போய்விட்டேன், மலை மரத்தை விடுவிப்பதா கொல்வதா என்று முடிவெடுக்கவேண்டும், போன தரம் கொன்றேன்’ என்கிற அளவு போதும். திரும்பி வந்தவுடன் பிரதான கதையைத் தொடவேண்டாம். ஒரு சின்னச் சண்டை, ஒரு கடை, அரை மணிநேரம். கை பழகிய பிறகு கதைக்குப் போங்கள்.

பக்கத்தில் ஒருவரை இருத்துவது இன்னும் நல்லது. கேமை அறியாத தம்பியோ மச்சாளோ பதில்களைத் தெரியட்டும், நீங்கள் கொன்ட்ரோலரைப் பிடியுங்கள். அவருக்கு ஆங்கிலம் ஓடாவிட்டால் உரையாடலைத் தமிழில் சொல்லிக்கொண்டு போகவேண்டி வரும், அப்போதுதான் முதல் தரம் காதில் விழாமல் ஓடின வரிகளெல்லாம் உங்களுக்கே விளங்கும். விட்ச்சர் 3இல் ஜெரால்ட் வளர்த்த சிரியின் முடிவைத் தீர்மானிக்கிற அந்த ஐந்து சின்னத் தருணங்களில் கதை தெரியாத ஒருவர் என்ன தெரிகிறார் என்று பாருங்கள், தடுக்கவேண்டாம். பால்டர்ஸ் கேட் 3ஐ ஒரே திரையில் இரண்டு பேர், இணையத்தில் நாலு பேர் வரை சேர்ந்தே விளையாடலாம். சேர்ந்து விளையாடுகிற சேவ் ஃபைலைத் தனியே தொடராமல் வைத்திருந்தால்தான் அது கடைசிவரை ஓடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு தரம் தொடர்ந்து, கேமைத் திறந்து மெனுவைப் பார்த்து மூடினீர்களென்றால் பக்கக் குவெஸ்ட் எல்லாவற்றையும் விட்டு, தாளில் எழுதிய நிறுத்தும் இடத்துக்குப் பிரதான கதையால் நேரே போங்கள். கடினத்தைக் குறைத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை. அதுவும் ஏலாவிட்டால் சேவ் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்து, பாத்திரத்தின் பெயரையும் நின்ற இடத்தையும் ஃபோல்டரின் பெயராக வைத்து, அந்த இரண்டு வரிக் குறிப்பையும் அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள்.